மதராஸ் சாப்பர்ஸ்: ‘தம்பி’களின் படையும் அவர்களின் சமூக வாழ்வும்

மதராஸ் சாப்பர்ஸ் என்று பரவலாக அறியப்படும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவு, இந்தியத் தரைப்படையின் பொறியாளர் படையில் உள்ள மூன்று பிரிவுகளுள் மிகப் பழமையானது. இது 1780 செப்டம்பர் 30 அன்று சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தோன்றியது. வங்காளப் பிரிவு 1803-ஐயும் பம்பாய்ப் பிரிவு 1820-ஐயும் தமது தொடக்க ஆண்டாகக் கொள்கின்றன. இன்று இப்பிரிவின் தலைமையிடமும் பயிற்சி மையமும் பெங்களூரில், அல்சூர் ஏரியை ஒட்டி உள்ளன. எனினும் பிறந்த ஊர் சென்னை என்பதைப் படைப்பிரிவு மறக்கவில்லை. பெயரில் இன்றும் ‘மதராஸ்’ நிற்கிறது.

தோற்றம்

1780-ஆம் ஆண்டு ஜூலையில் ஐதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையெடுத்து வந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலக் கம்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. அதற்குச் சரியாக இருபது நாள் கழித்தே பயனியர் கம்பெனிகள் அமைக்கப்பட்டன. சாலை போடவும், ஆற்றைக் கடக்க வழி செய்யவும், பீரங்கி வண்டிகளை இழுத்துச் செல்லத் தடம் அமைக்கவும் தனியாக ஆட்கள் வேண்டும் என்ற தேவை அப்போது கண்கூடாகியிருந்தது.

‘சாப்பர்’ என்ற சொல்லுக்குக் கோட்டையை நோக்கிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டே முன்னேறுபவர் என்பது மூலப்பொருள். ‘மைனர்’ என்பவர் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பவர். 1831-இல் இப்படை ‘சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்’ என்ற பெயரைப் பெற்றது. இன்றும் பொறியாளர் படையில் கடைநிலை வீரரைச் ‘சிப்பாய்’ என்று அழைப்பதில்லை, ‘சாப்பர்’ என்றே அழைக்கிறார்கள்.

போர் இல்லாத காலங்களில் இவர்கள் அணை, கால்வாய்ப் பணிகளிலும் ஈடுபட்டனர். கோதாவரியின் குறுக்கே ஆர்தர் காட்டன் அணை கட்டிய தவளேசுவரத்தில் இப்படையின் தலைமையிடம் சில காலம் இருந்தது. 1860-களில் அது பெங்களூருக்கு மாறியது.

கலைப்புகளின் காலம்

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ‘போர்க்குடி’ என்ற கொள்கை ஆங்கிலேய இராணுவத்தில் வலுப்பெற்றது. வடமேற்கு இந்தியாவின் சில சமூகங்களே போருக்குத் தகுந்தவை, தென்னிந்தியர் தகுதியற்றவர் என்பது அதன் சாரம். தளபதி ராபர்ட்ஸ் இதன் முதன்மை ஆதரவாளர். ஆராய்ச்சி எதுவும் இல்லாத இந்தக் கருத்து பல குடும்பங்களின் பிழைப்பைப் பறித்தது. சென்னை மாகாணத்தின் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1920-களின் இறுதிக்குள் முற்றிலும் மறைந்தன. பெங்களூர் பிரிகேட் சாலையில் நினைவுச்சின்னம் உடைய மதராஸ் பயனியர் படையும் 1933-இல் கலைக்கப்பட்டது. (அந்தச் சின்னத்தைச் சாப்பர்ஸ் நினைவுச்சின்னம் என்று பலர் தவறாகக் குறிப்பிடுவதுண்டு. இரண்டும் வேறு வேறு படைகள்.)

எஞ்சி நின்றது சாப்பர்ஸ் மட்டுமே. தச்சு, கொல்லு, கல்வேலை தெரிந்த ஆட்களை ஒரே நாளில் மாற்ற முடியாது என்பதே இதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தாரும் கிறித்தவரும் இப்படையில் கணிசமாக இருந்தனர். கிராமத்தில் அவர்களுக்குக் கிடைக்காத சீருடையும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இங்கே கிடைத்தன. இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்படும் வரை, தமிழர் சேரக்கூடிய போர்முனைப் படை என்று சொல்ல இதைத் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை.

‘தம்பி’ என்ற அழைப்பு

இப்படையின் வீரர்கள் அனைவரும் ‘தம்பி’ என்றே அழைக்கப்படுகின்றனர். தமிழ்நாடு மட்டுமன்றிக் கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் சேர்கிறார்கள். மலையாளியும் தெலுங்கரும் இங்கே தம்பிதான். வடநாட்டிலிருந்து வரும் அதிகாரியும் முதலில் கற்கும் தமிழ்ச்சொல் இதுவே எனலாம். எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற அவில்தாரும் படைக்காரர் கூடும் இடத்தில் தம்பியாகவே இருக்கிறார். அணிவகுப்பில் அணியும் உயரமான, விளிம்பற்ற தொப்பியும் இப்பிரிவின் தனி அடையாளம்.

வீரமும் அங்கீகாரமும்

பொறியாளர் படையின் பணி பெரும்பாலும் மற்றவர் வெற்றிக்குப் பின்னால் மறைந்துவிடும். ‘பெங்களூர் டார்ப்பிடோ’வை எடுத்துக்கொள்ளலாம். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முள்வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்யும் இக்கருவியை 1912-இல் மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கினார். 1944-இல் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இதைப் பயன்படுத்தின. கருவிக்கு ஊரின் பெயர் கிடைத்தது, படையின் பெயர் கிடைக்கவில்லை.

1948 இலையுதிர் காலத்தில் காஷ்மீரின் சோஜி லா கணவாயிலும் இதே நிலைதான். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதையை, மேஜர் தங்கராஜுவின் தலைமையில் மதராஸ் சாப்பர்கள் எதிரியின் குண்டுகளுக்கிடையே அகலப்படுத்தினர். நவம்பர் 1 அன்று அந்தப் பாதை வழியே டாங்கிகள் ஏறிச் சென்று எதிரியைத் திகைக்க வைத்தன. வரலாற்று நூல்கள் டாங்கிகளை விரிவாகப் பேசுகின்றன. பாதை போட்டவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன.

தனி ஒருவரின் வீரம் உலகறிய மதிக்கப்பட்ட நிகழ்வு சுபேதார் சுப்பிரமணியனுடையது. காஞ்சிபுரம் மாவட்டம் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். உடன் வந்த ஒரு வீரரால் கண்ணிவெடி ஒன்று இயங்கத் தொடங்கியது. அது வெடிப்பதற்கு இருந்த சில நொடிகளில் ஓடி ஒதுங்கியிருக்கலாம். அவர் அதன்மேல் பாய்ந்து படுத்தார். அவர் இறந்தார், உடன் வந்தவர்கள் பிழைத்தனர். இறப்புக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

விக்டோரியா கிராஸ் ஏன் இல்லை என்று மாணவர்கள் கேட்கலாம். அது எதிரியின் முன் காட்டும் வீரத்துக்கு உரியது. ஜார்ஜ் கிராஸ் எதிரி நேரில் இல்லாத இடத்துத் துணிவுக்கு உரியது, மதிப்பில் அதற்கு இணையானது. கண்ணிவெடியைப் புதைத்தவன் எப்போதோ போய்விட்டிருப்பான். சாப்பர்களின் ஆபத்து பெரும்பாலும் இப்படி ஆளில்லாத ஆபத்தாகவே இருக்கிறது.

படைப்பிரிவின் இருநூறாவது ஆண்டான 1980-இல் அஞ்சல் துறை சிறப்புத் தபால்தலை வெளியிட்டது.

ஓய்வுக்குப் பின்

இராணுவ ஓய்வு என்பது அறுபது வயது ஓய்வு அன்று. சாதாரண வீரர் முப்பதுகளின் இறுதியிலேயே வீடு திரும்பிவிடுவார். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. வங்கிக் காவல், கட்டட மேற்பார்வை, மின்வேலை என்று இரண்டாவது வாழ்க்கை தொடங்குகிறது. படையில் பாலம் கட்டியவருக்கும் வெளியே அந்தத் திறனைச் சான்றிதழ் காட்டி நிறுவ வேண்டியிருக்கிறது.

தென்சென்னையில் பரங்கிமலைப் பாளையம், அங்குள்ள அதிகாரிகள் பயிற்சி மையம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஆகியவை அருகருகே இருப்பதால், வேளச்சேரி போன்ற பகுதிகள் படைக்காரர் குடும்பங்களுக்கு வசதியாக அமைந்தன. கேன்டீன் அட்டை, 2003-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம், நவம்பரில் தரவேண்டிய உயிர்வாழ் சான்று, டிசம்பர் 7 கொடிநாள் ஆகியவை இக்குடும்பங்களின் ஆண்டு நாட்காட்டி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது சென்னைக்குப் படகுகளோடு வந்த இராணுவ அணிகளில் பொறியாளர்களும் இருந்தனர்.

முன்னாள் படைவீரர் சங்கங்களின் முக்கியப் பணி விழா நடத்துவது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் பெரும்பகுதி நேரம் காகிதத்தில் போகிறது. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் கேட்கும் பெண்ணின் பெயர் படைப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருக்கும். தலைப்பெழுத்து மாறியிருக்கும், பிறந்த தேதி பொருந்தாது. ஓய்வூதியம் இணையவழிக்கு மாறியபின் இச்சிறு வேறுபாடுகளும் தடையாகின்றன. பெங்களூர் ஆவணப் பிரிவுக்கு எந்தப் படிவத்தை, எந்த எண்ணைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும் என்று அறிந்த ஒரு மூத்த தம்பி, அந்தக் குடும்பத்துக்கு எந்த விருதாளரையும்விட வேண்டியவர்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி புதிதாகச் சேர்பவர் நான்கு ஆண்டு பணியாற்றுவர். அவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. பதினைந்து இருபது ஆண்டு ஒன்றாக உண்டு உறங்கி உருவான உறவே ‘தம்பி’ மரபின் அடித்தளம் என்பதால், நான்கு ஆண்டில் வெளியேறும் இளைஞரைத் தம் கூட்டங்களில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது சங்கங்கள் விடை காண வேண்டிய கேள்வியாக உள்ளது.