உதிரிபாகப் பெட்டியில் ஒரு ரைபிள்: அமெரிக்க வீடுகளின் பொழுதுபோக்கும் சட்டச் சிக்கலும்

துப்பாக்கிக்கு வேண்டிய உதிரிபாகங்கள் ஒரு பெட்டியில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை இணைத்தால்தான் அது சுடும். அந்தப் பெட்டியை விற்பவர் துப்பாக்கி விற்கிறாரா, வெறும் இரும்புச் சாமான்களை விற்கிறாரா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நீடித்த இந்தக் கேள்விக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று பதில் அளித்தது. இத்தகைய தொகுப்புகளில் குறைந்தபட்சம் சிலவேனும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிகளே என்று 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள, உதிரிபாகத் தொகுப்பை வாங்கி வீட்டுப் பட்டறையில் ரைபிள் கட்டும் பொழுதுபோக்கு எவ்வாறு உருவானது என்பதை முதலில் அறிய வேண்டும். இந்திய வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். எனினும் அமெரிக்காவில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துச் சீரமைப்பவர்களைப் போலவே, பழைய ராணுவத் துப்பாக்கிகளை மீண்டும் உருவாக்குபவர்களும் கணிசமாக உள்ளனர்.

1968-ஆம் ஆண்டுச் சட்டம்

அதிபர் ஜான் எஃப். கென்னடி 1963-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குப் பயன்பட்ட ரைபிள், இத்தாலிய ராணுவம் கழித்துக் கட்டிய பழைய ஆயுதம். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, அஞ்சல் மூலம் தொலைநோக்கியுடன் சேர்த்து 19.95 டாலர் விலையில் அது வாங்கப்பட்டிருந்தது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதே ஆண்டில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. உரிமம் பெற்ற உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. வெளிநாட்டு ராணுவங்கள் கழித்த துப்பாக்கிகளின் இறக்குமதிக்கும் அது தடை போட்டது.

தடை துப்பாக்கிக்குத்தான், உதிரிபாகங்களுக்கு அன்று. உதிரிபாகத் தொகுப்பு வணிகத்தின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சட்டப்படி துப்பாக்கியின் ஒரே ஒரு பாகம், தனித்து நிற்கும்போதும் 'துப்பாக்கி' எனக் கருதப்படுகிறது. ரைபிளில் அதற்கு 'ரிசீவர்' என்றும், கைத்துப்பாக்கியில் 'ஃபிரேம்' என்றும் பெயர். (ரிசீவர் என்றதும் தமிழில் நமக்குத் தொலைபேசிதான் நினைவுக்கு வருகிறது, 'உடற்கூடு' என்று சொன்னால் பொருள் ஓரளவு விளங்கும்.) குழல், விசை, கட்டை, தோட்டாப் பெட்டி முதலிய அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இந்த உடற்கூட்டோடுதான் இணைகின்றன. வரிசை எண் பொறிக்கப்படுவதும் அதன் மீதுதான். ஆகவே உடற்கூட்டை அழித்துவிட்டால், எஞ்சியவை சட்டத்தின் கண்ணில் வெறும் உலோகமும் மரமும் மட்டுமே.

பனிப்போர் முடிந்ததும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் ஆயுதக் கிடங்குகளில் பழைய கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகள் ஏராளமாகத் தேங்கின. ருமேனியா, போலந்து, ஹங்கேரி, முன்னாள் யூகோஸ்லாவியா ஆகிய நாடுகளின் துப்பாக்கிகளில் உடற்கூடு தீச்சுடரால் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, மற்ற பாகங்கள் பெட்டிகளில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை வாங்கியவர்கள், அமெரிக்காவிலேயே தயாரான புதிய உடற்கூட்டில் பழைய பாகங்களைப் பொருத்தி ரைபிளுக்கு மறுவடிவம் கொடுத்தனர். நண்பர்கள் ஒன்றுகூடி, ஒருவர் கருவியை மற்றவர் இரவல் வாங்கி, வார இறுதி முழுவதும் இந்த வேலையைச் செய்யும் வழக்கமும் பரவியது.

இவர்களை ஈர்த்தது ஆயுதம் மட்டும் அன்று, வரலாறும்தான். தேய்ந்த மரக்கட்டையில் தெரியும் கீறல்கள், எந்த ஆலையில் எந்த ஆண்டில் உருவானது என்பதைச் சொல்லும் முத்திரைகள் ஆகியவற்றைத் தேடித் தேடிச் சேகரிப்பவர்கள் அவர்களில் உண்டு. ஒரே துப்பாக்கியின் எல்லாப் பாகங்களிலும் ஒரே எண் இருந்தால் அந்தத் தொகுப்புக்கு மதிப்பு அதிகம். வெட்டி எறியப்பட்ட ஒரு பொருளைத் தன் கையால் மீண்டும் இயங்கச் செய்வதில் கிடைக்கும் நிறைவு, வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்பவருக்குக் கிடைப்பதைப் போன்றதே.

பாகங்களை எண்ணும் சட்டம்

அமெரிக்காவில் துப்பாக்கி விதிகள் தளர்வானவை என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, இந்தப் பொழுதுபோக்கைச் சுற்றி விதிகளின் அடர்ந்த வலையே உள்ளது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைத் தனிநபர் புதிதாக உருவாக்க 1986 மே 19 முதல் தடை உள்ளது. ஆகவே கலாஷ்னிகோவ் தொகுப்பைக் கட்டுபவர், ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு தோட்டா மட்டுமே வெளிவரும் வகையில்தான் அதை அமைக்க முடியும். விதியை மீறினால் கடுங்குற்றம்.

இதை அடுத்து வந்தது விசித்திரமான ஒரு கணக்கு. 1989-இல் அதிபர் ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ் நிர்வாகம், தாக்குதல் ரக அரைத் தானியங்கி ரைபிள்களின் இறக்குமதியை நிறுத்தியது. இறக்குமதி செய்ய முடியாத ஒன்றை, வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டு உள்நாட்டில் உருவாக்கிவிடக் கூடாது என்று 1990-இல் நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதி, ரைபிளின் 20 பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் 10-க்கு மேல் வெளிநாட்டில் தயாரானவையாக இருக்கக் கூடாது என்கிறது. கைப்பிடியும் தோட்டாப் பெட்டியின் அடித்தட்டும் கூட அந்தப் பட்டியலில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. அதன் விளைவாக, அசலான ருமேனியக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு அமெரிக்க பிளாஸ்டிக் கைப்பிடியைப் பொருத்தினால் சட்டத்துக்கு உட்பட்ட துப்பாக்கி. மீண்டும் பழையதை மாட்டினால் சட்டமீறல். பொது மக்களின் பாதுகாப்பு இதனால் எவ்வாறு கூடுகிறது என்பது இந்தக் கட்டுரையாளருக்கும் விளங்கவில்லை.

2005-இல் மற்றொரு அடி விழுந்தது. இறக்குமதிக்குத் தகுதியற்ற துப்பாக்கிகளின் குழல்களைத் தொகுப்புடன் சேர்த்துக் கொண்டுவர அனுமதிக்க முடியாது என்று, துப்பாக்கி விதிகளை அமல்படுத்தும் மத்திய அமைப்பான மது, புகையிலை, துப்பாக்கிகள், வெடிபொருள்கள் பணியகம் (ஏடிஎஃப்) அறிவித்தது. அதற்கு முன்னர் வந்திறங்கிய, அசல் குழலுடன் கூடிய தொகுப்புகள் அன்று முதல் அரிய பொருள்களாகிவிட்டன.

எண் இல்லாத துப்பாக்கிகள்

ராணுவ மிச்சங்களை மீட்டெடுக்கும் இந்தக் கலைக்கு இணையாக வளர்ந்த மற்றொரு வழக்கமே பின்னர் நீதிமன்றம் வரை சென்றது. ஏஆர்-15 ரைபிளின் மூல வடிவம், 1950-களின் பிற்பகுதியில் யூஜின் ஸ்டோனரும் ஆர்மலைட் நிறுவனமும் உருவாக்கியது. அதன் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவை என்பதால், பல நிறுவனங்களின் பாகங்களைத் தனித்தனியே வாங்கிச் சேர்ப்பது எளிது. வரிசை எண் கொண்ட உடற்கூட்டை உரிமம் பெற்ற கடையில், பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டு வாங்கி, மற்றவற்றை வீட்டில் இணைப்பது இன்றளவும் சாதாரணமான ஒன்று. இதில் எவருக்கும் பெரிய மனக்குறை இருந்ததில்லை.

சிக்கல் எழுந்தது முழுமை பெறாத உடற்கூடுகளால். வேலையின் பெரும்பகுதியை முடித்து, கடைசிச் சில படிகளை மட்டும் வாங்குபவரிடம் விட்டுவைத்த உடற்கூட்டை வணிகர்கள் '80 சதவீதம்' என்ற பெயரில் விற்றனர். அந்தச் சதவீதம் சட்டத்தில் எங்கும் இல்லாத வணிகச் சொல். முழுமை பெறாதது துப்பாக்கி அன்று. ஆகவே எண் தேவையில்லை, சரிபார்ப்பு தேவையில்லை, வீட்டு வாசலுக்கே வந்து சேரும் என்பது அவர்களின் வாதம்.

வரிசை எண் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அறிய, அமெரிக்கக் காவல் துறை ஒரு துப்பாக்கியைத் தடம் காணும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குற்ற இடத்தில் கிடைத்த துப்பாக்கியின் எண், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்கு அனுப்பப்படும். துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேட்டை அரசு உருவாக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. எனவே மைய ஊழியர்கள் முதலில் உற்பத்தியாளரை விசாரித்து, அங்கிருந்து மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று படிப்படியாகச் சென்று முதல் வாங்குநரைக் கண்டறிகின்றனர். எண் இல்லை என்றால் முதல் படியிலேயே பாதை அடைபட்டுவிடும். 'கோஸ்ட் கன்', அதாவது பேய்த் துப்பாக்கி என்ற பெயர் அதனால்தான் வந்தது.

2013 ஜூனில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 5 பேரைச் சுட்டுக் கொன்றவர், முழுமை பெறாத உடற்கூட்டைக் கொண்டு உருவாக்கிய ரைபிளையே பயன்படுத்தினார். 2019 நவம்பரில் அதே மாநிலத்தின் சான்டா கிளாரிட்டாவில், பள்ளி மாணவர் ஒருவர் தொகுப்பிலிருந்து உருவான கைத்துப்பாக்கியால் சக மாணவர்கள் இருவரைக் கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டார். தடமறிவதற்காக மத்திய அரசுக்கு அனுப்பப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் 2017-இல் சுமார் 1,600 ஆக இருந்தன. 2021-இல் அந்த எண்ணிக்கை 19,000-ஐத் தாண்டியதாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அவற்றில் பெரும்பான்மையானவை ரைபிள்கள் அல்ல, எளிதில் மறைக்கக்கூடிய கைத்துப்பாக்கிகள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழைய போலந்து ரைபிளை மாதக்கணக்கில் சீரமைப்பவரும், சரிபார்ப்பில் சிக்காமல் துப்பாக்கி தேடும் குற்றவாளியும் ஒரே விவாதத்துக்குள் வந்து நிற்பதே இவ்விவகாரத்தின் சிரமம்.

ஆம்லெட்டும் மேசையும்

எளிதில் இயங்கும் ஆயுதமாக மாற்றக்கூடிய தொகுப்புகளும், முழுமை பெறாத உடற்கூடுகளும் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் வரும் என்று 2022-இல் ஏடிஎஃப் புதிய விதியை வெளியிட்டது. அது அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. தொகுப்பு விற்பனையாளர்களும் துப்பாக்கி உரிமை அமைப்புகளும் டெக்சாஸில் வழக்குத் தொடுத்து, 2023-இல் மாவட்ட நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றனர்.

2024 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்த வாதம் சமையலறைக்குள் புகுந்தது. முட்டையும் நறுக்கிய பன்றி இறைச்சியும் குடைமிளகாயும் வெங்காயமும் மேடை மீது இருந்தால் அது ஆம்லெட் ஆகிவிடுமா என்று நீதிபதி சாமுவேல் அலிட்டோ வினவினார். ஆகாது, அப்பொருள்களுக்கு வேறு பயன்களும் உண்டு என்றார் அரசு வழக்குரைஞர். ஒரு குறிப்பிட்ட உணவுக்கான எல்லாப் பொருள்களையும் ஒரே பெட்டியில் அனுப்பும் நிறுவனத்திடம் வாங்கினால் பதில் மாறுமா என்று நீதிபதி ஏமி கோனி பேரட் குறுக்கிட்டார். மாறும் என்று பதில் வந்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி நீல் கோர்சச், மேசையை உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஐகியா கடையில் மேசை வாங்கினேன் என்று ஒருவர் சொல்லும்போது, அதை இணைக்கும் வேலை இன்னும் மிச்சம் இருந்தாலும் நாம் அவரைத் திருத்துவதில்லை என்பது அவரது விளக்கத்தின் சாரம். வழக்கில் காட்டப்பட்ட கைத்துப்பாக்கித் தொகுப்பு ஒன்றை, முன்பின் பார்த்திராத ஒருவர் 21 நிமிடங்களில் துப்பாக்கியாக்கியதையும் அவர் சுட்டிக்காட்டினார். நீதிபதிகள் கிளாரன்ஸ் தாமஸும் அலிட்டோவும் மாறுபட்டனர். உதிரிபாகங்களின் தொகுப்பு ஆயுதம் ஆகாது என்றும், சட்டத்தில் இல்லாததை விதியால் சேர்க்க முடியாது என்றும் தாமஸ் எழுதினார்.

தீர்ப்பு எல்லாத் தொகுப்புகளையும் ஒரேயடியாக உள்ளடக்கவில்லை. இணைக்க மிகுந்த நேரமும் திறமையும் சிறப்புக் கருவிகளும் தேவைப்படும் தொகுப்புகள் எந்தப் பக்கம் விழும் என்பதை நீதிமன்றம் பின்னொரு நாளுக்கு விட்டுவைத்துள்ளது. இதற்கிடையே, முந்தைய அரசின் துப்பாக்கி தொடர்பான நடவடிக்கைகளை மறுஆய்வு செய்யுமாறு அதிபர் டொனால்ட் டிரம்ப் 2025 பிப்ரவரி 7 அன்று உத்தரவிட்டிருந்தார்.

தீர்ப்புக்குப் பின்னரும் மாறாதது ஒன்று உண்டு. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத ஒருவர், சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் ரைபிள் உருவாக்க மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதையே தொழிலாக்கினால் உரிமம் கட்டாயம். வீட்டில் உருவான எண்ணற்ற துப்பாக்கி உரிமம் பெற்ற கடைக்காரரின் இருப்புக்கு வந்தால், அவர் 7 நாள்களுக்குள் அதில் எண் பொறிக்க வேண்டும். மாநிலங்கள் சில இன்னும் கடுமையானவை: கலிபோர்னியாவில் 2018 ஜூலை முதல், துப்பாக்கி உருவாக்க விரும்புபவர் முன்கூட்டியே மாநில நீதித் துறையிடம் வரிசை எண் பெற வேண்டும். நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களிலும் எண் இல்லாத துப்பாக்கிகளுக்குத் தடை உள்ளது.

இந்தச் சர்ச்சைகள் எதுவும் தீண்டாத ஒரு பிரிவும் இருக்கிறது. கருமருந்தைக் குழலின் வாய் வழியே கெட்டித்துச் சுடும் பழங்கால ரைபிள்களின் மாதிரிகளை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் 'தொன்மைப் பொருள்' என்று விலக்கிவைத்துள்ளது. பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீண்ட குழல் ரைபிளின் தொகுப்புகளை வாங்கி, மேப்பிள் மரத்தை அரத்தால் தேய்த்து, எண்ணெய் பூசி, பித்தளைத் தகடு பதிப்பவர்கள் இன்றும் உள்ளனர். 1933-இல் தொடங்கப்பட்ட இவர்களின் தேசியச் சங்கத்துக்கு இண்டியானா மாநிலத்தின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் சுடுதிடல் உள்ளது.

இந்தியாவில் இதற்கெல்லாம் இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற வரையறைக்குள் அதன் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டது. அமெரிக்க நீதிபதிகள் ஆம்லெட்டை வைத்து விவாதித்த கேள்வி இங்கே எழ வழியில்லை. உரிமமின்றித் துப்பாக்கி தயாரித்தால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் சிறை. அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அமெரிக்காவிலோ வெளிநாட்டுத் தளங்களிலோ எளிதாகக் கிடைக்கும் துப்பாக்கி உதிரிபாகத்தை இந்திய முகவரிக்கு வரவழைப்பவர்கள், அது 'வெறும் பாகம்தான்' என்று வாதிட இச்சட்டம் இடம் தருவதில்லை.