கஞ்சியிலிருந்து பட்டாவுக்கு: செங்கல்பட்டு மிஷன்களும் நில உரிமையும்

இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே கார் தொழிற்சாலைகள் வந்தபின் நிலத்தின் விலை ஏறிய கதை ஊரறிந்தது. அதே மாவட்டத்தில், ஒரு துண்டு நிலமும் இல்லாதவர்களுக்காக 1890களில் கிறிஸ்தவ ஊழியர் சிலர் அரசிடம் வாதாடிய வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிஷன்கள் பசித்தவர்களுக்கு உணவிட்டன. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. பின்வந்த ஆண்டுகளில் பறையர் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகச் சபையை நாடின. இவர்கள் சோற்றுக்காக வருகிறார்களோ என்ற ஐயம் மிஷனரிகளுக்கே இருந்தது. வந்தவர்களோ சோறு மட்டும் கேட்கவில்லை. உழுதுண்ண நிலமும் விரட்டப்படாமல் குடியிருக்க ஒரு மனையும் கேட்டார்கள்.

அதற்குத் தடையாக நின்றது, ஊர் நிலத்தின் மீது பரம்பரை உரிமை கொண்டாடிய மிராசுதார்களின் மிராசு முறை. ஊர்த் தரிசுக்குப் பறையர் ஒருவர் தர்காஸ்து (நிலம் கேட்டு விண்ணப்பம்) போட்டால், அதே நிலத்தை மிராசுதார் தமக்குக் கேட்கலாம், முன்னுரிமை அவருக்கே. சேரி அமைந்திருந்த மனையும் பல ஊர்களில் மிராசுதார் வசமே இருந்தது. எதிர்த்து நின்ற படியாள் (பண்ணையாள்) வேலையோடு குடிசையையும் இழக்க நேரும். தகப்பன் பட்ட கடன் மகனையும் பண்ணையில் கட்டிப்போட்டது. கஞ்சித் தொட்டியால் இந்தக் கட்டை அவிழ்க்க முடியாது.

செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இதை உணர்ந்தார்கள். உள்ளம் திருந்தினால் போதும், மற்றவை தாமே சரியாகும் என்பதே மிஷன் உலகின் பழைய எண்ணம். அதை மாற்றியதில் சேரி மக்களின் விடாத வேண்டுகோளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத்தின் ஆய்விலிருந்து அறியலாம். என் பார்வையில் இந்த வரலாற்றின் உயிர்நாடி இதுதான்: இரக்கப்பட்டவர்கள், துன்பப்பட்டவர்களிடம் பாடம் கேட்டார்கள். ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் மேல்ரோசாபுரம் என்ற உழவர் குடியிருப்பையே அமைத்தார்.

மிஷனரிகள் நிலத்துக்காகக் குரல்கொடுத்த அதே காலத்தில், மாவட்டக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்கீர், பறையர் நிலைபற்றிய விரிவான குறிப்பை 1891இல் அரசுக்கு அனுப்பினார். 1892 செப்டம்பர் 30 அன்று, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்யும் 1010, 1010-ஏ எண்ணுள்ள வருவாய்த்துறை ஆணைகள் பிறந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஒடுக்கப்பட்டோர் அல்லாதவர்களுக்கு அதை விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் பின்னர் உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டே, இதே மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். தங்களுக்காகப் பேசப் பிறரை எதிர்பார்த்து ஒடுக்கப்பட்ட மக்கள் வாளாவிருக்கவில்லை.

ஆணையால் மிராசு ஆதிக்கம் தகர்ந்துவிடவில்லை. கிடைத்த நிலமும் பின்னாளில் பெருமளவு கைமாறியது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சபைகள் இன்றும் அரிசிப்பையும் போர்வையும் கொடுக்கின்றன. அது நல்லதே. அதோடு, தங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேடுகளைச் சேரி மக்களோடு உட்கார்ந்து படித்து, பறிபோன பஞ்சமி நிலத்துக்கு அவர்கள் மனுப்போடும்போது உடன்நிற்க வேண்டும். ஆண்ட்ரூவும் கௌடியும் விட்டுச்சென்ற வேலை அதுவே.