உடன் சென்ற செவிலியர்

நோயுற்றோரைப் பேணுதல் நாகரிகத்தின் முதல் அடையாளம் என்பர். மருத்துவத்திலும் மெய்யியலிலும் தலைநின்ற செர்மனி நாடு, தன் மனநோயாளிகளை நச்சு வாயுவால் கொன்று பழகிய பின்னரே, அதே கருவியை யூத மக்கள்மீது பெருமளவில் திருப்பியது. இவ்வரலாற்றைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழராகிய நாம் அறிந்துகொள்வது நலம்.

கொலைக்கு முன்னே சொல் வந்தது. 1920-இல் கார்ல் பிண்டிங் என்னும் சட்ட அறிஞரும் ஆல்பிரெட் ஹோகே என்னும் உளநோய் மருத்துவரும் எழுதிய நூல், ‘வாழத் தகுதியற்ற உயிர்’ என்னும் தொடரைப் பரப்பியது. பின்னர், மனநோயாளி ஒருவருக்கு அரசு நாள்தோறும் செலவிடும் தொகையைப் பள்ளிச் சிறுவர்கள் கணக்குப் பாடத்தில் கூட்டிப் பார்த்தனர். 1939 அக்டோபரில் இட்லர் ஓர் ஆணையில் கையொப்பமிட்டு, செப்டம்பர் 1 என முன்தேதியிட்டான். 1941 ஆகஸ்டுக்குள் ஆறு நிலையங்களில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகள் கொல்லப்பட்டனர்.

அவர்களுள் யூதர்களை 1940-இல் தனியே பிரித்தெடுத்தனர். செர்மனியிலேயே அவர்களைக் கொன்றுவிட்டு, போலந்தின் ஹெல்ம் நகர மருத்துவமனைக்கு ‘இடமாற்றம்’ செய்ததாகக் குடும்பத்தாருக்கு மடல் விடுத்தனர். இறந்தோர் பெயரில் பராமரிப்புக் கட்டணமும் பெற்றனர். எஞ்சிய யூத நோயாளிகள் பெண்டார்ப்-சைன் என்னும் ஊரின் யூத மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டனர். 1942-இல் அவர்களும் பணியாளரும் கிழக்கே அனுப்பப்பட்டனர். ‘உலகின் முடிவு’ என்ற கவிதையால் 1911-இலேயே புகழ்பெற்ற யாக்கோப் வான் ஹாடிஸ் அவர்களுள் ஒருவர்.

ஆலந்து நாட்டின் ஆப்பெல்டோர்ன் நகரில் 1909-இல் நிறுவப்பட்ட யூத மனநல மருத்துவமனைக்கு, மரங்கள் சூழ்ந்த சோலையில் இருந்தமையால், ‘ஆப்பெல்டோர்ன் வனம்’ என்று பெயர். 1943 ஜனவரி 21-ஆம் நாள் இரவில் படையினர் அதனைச் சூழ்ந்தனர். நோயாளிகளைச் சுமையுந்துகளில் ஏற்றி, நிலையத்தில் நின்ற சரக்குப் பெட்டிகளில் அடைத்தனர். ஏறத்தாழ 1,200 நோயாளிகள். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். துணைக்குச் செவிலியர் வேண்டுமென்றான் அதிகாரி அவுஸ் டெர் பூண்டன். சுமார் இருபது பேர் தாமே முன்வந்தனர்; முப்பது பேரை அவன் பொறுக்கி எடுத்தான். திரும்பி வரலாம், அன்றேல் புதிய மருத்துவமனையில் பணி செய்யலாம் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. வண்டி சென்று நின்ற இடமோ ஆஷ்விட்ஸ். வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் உடனே நச்சு வாயுவிற்கு இரையாயினர்.

கோப்பெருஞ்சோழனுடன் வடக்கிருந்த பிசிராந்தையாரை நாம் போற்றுகிறோம். அவர் முடிவை அறிந்தே அமர்ந்தார். இச்செவிலியருக்கு முடிவு மறைக்கப்பட்டது. முப்பது பேருக்கு விருப்பமும் கேட்கப்படவில்லை. ஆதலின் அவர்களை உயிர்த்தியாகிகள் என்று பாடி, ஏமாற்றப்பட்ட கொடுமையை நாம் மறைத்தல் தகாது. எனினும், முன்வந்த இருபதின்மரைப் பற்றி ஒன்று கூறலாம்: பிறர் ‘சுமை’ என்று கணக்கிட்டவர்களை, அவர்கள் துணை வேண்டும் மனிதர்களாகக் கண்டனர்.

நம் மண்ணில் அத்தகைய கொலைத்திட்டம் நிகழ்ந்ததில்லை. ஆயினும் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். கொல்லும் எண்ணம் அங்கே எவர்க்கும் இல்லை. ஆனால் அவர்களைக் கண்ணுக்குப் புறத்தே தள்ளிய மனம் இருந்தது. உச்சநீதிமன்றம் தானே இதனை வழக்காக எடுத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது.

நம் பகுதியிலிருந்து சோளிங்கர் மலைக்கு மனநோயுற்றாரை அழைத்துச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அந்நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. உறவினர் உடன் தங்கும் அளவில் அதில் அன்பும் உண்டு. வேண்டுதலோடு மருத்துவமும் சேரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கொணர்ந்தவரை அங்கேயே விட்டுத் திரும்பும் நாளில், ‘இடமாற்றம்’ என்ற அந்தப் பழைய சொல்லை நாமும் வேறு மொழியில் எழுதத் தொடங்கிவிடுகிறோம்.