கிடங்கல் என்றொரு ஊர்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டதும், பழைய கடன் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

நான் விழுப்புரத்துக்காரன். தினமும் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்து படித்தவன். எங்கள் வகுப்பில் கிடங்கல் பையன் ஒருவன் இருந்தான். "ஏன்டா, உங்க ஊர்ல நெல்லுக் கிடங்கா, உப்புக் கிடங்கா?" என்று கேலி செய்வோம். "நீ மட்டும் என்ன, விழுற புரம்தானே?" என்று அவனும் ஒருநாள் திருப்பிக் கேட்டான். ஆனாலும் கொஞ்ச நாளில், யார் ஊர் கேட்டாலும் "திண்டிவனம்" என்று மட்டும் சொல்லப் பழகிவிட்டான். அதற்கு நானும் ஒரு காரணம்.

பின்னாளில் சிறுபாணாற்றுப்படையை ஊன்றிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர்களில் ஒன்று கிடங்கில். அதுதான் சாட்சாத் நம் கிடங்கல்! பழந்தமிழில் கிடங்கு என்றால் அகழி. நாம்தான் கோடவுன் ஆக்கிவிட்டோம். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பாடிய கிடங்கில் புலவர்கள் மூவர் உண்டு.

நல்லியக்கோடன் ஓவியர் குடியினன். 'ஓவியர் மா நாடு' என்பதே ஓய்மாநாடு என்று மருவியது என்பர். அதாவது, குடியின் பெயரே நாட்டின் பெயர். ஓவியர் என்றால் இன்று நமக்குத் தூரிகையும் வண்ணமும்தான் தோன்றும். பெயரை வைத்து மட்டும் அவர்களைச் சித்திரக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? 1904-ல் வெளியான தம் நூலில் வி. கனகசபைப் பிள்ளை அவர்களை நாகர் கிளையினர் என்றார். அதை எல்லோரும் ஏற்கவில்லை.

அவனுடைய இன்னொரு ஊர் மாவிலங்கை. தொன்மையான இலங்கையின் பெயரைத் தாங்கிய ஊர் என்கிறார் புலவர். மாவிலங்கம் என்று ஒரு மரமும் உண்டு. திண்டிவனம் பக்கத்துக் கீழ்மாவிலங்கையில் பல்லவர் காலக் குடைவரை இன்றும் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகள் வரை ஓய்மாநாடு என்ற பெயர் வாழ்ந்தது. இன்று தன்னை ஓவியர் குடி என்று சொல்லிக்கொள்வார் யாரையும் நான் கண்டதில்லை.

திண்டிவனம் என்பதற்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. அங்குள்ள சிவனும் திந்திரிணீசுவரர். நல்ல பெயர்தான். ஆனால் சங்கப் பாட்டில் திண்டிவனம் இல்லை, கிடங்கில் இருக்கிறது. நண்பன் மறைத்த பெயர்தான் மூத்த பெயர்! என் ஊரும் விழுகிற ஊர் இல்லை; விழு என்றால் சிறந்த என்று அர்த்தம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், அன்றைக்கே நூலகத்துக்குப் போங்கள்.

இந்தச் சந்திப்புக்கு அவன் வருவான் என்று நம்புகிறேன். எல்லோர் முன்னாலும், "எந்த ஊருப்பா?" என்று கேட்கப்போகிறேன். இந்தத் தடவை அவன் சரியாகச் சொல்லட்டும்.