பதவி துறந்து பணி தொடங்கிய நாவலர்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளத்தையும், முதுமையில் வரும் பென்சனையும் நம்மவர் பெரிதாக மதித்தனர். ஆயினும், கையிலிருந்த பதவியை விடுத்துத் தம் முயற்சியால் பள்ளியும் அச்சகமும் நிறுவிய பெரியார் ஒருவர் நம் நல்லூரிலேயே தோன்றினார். அவரே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879).

நாவலரின் இளமைக் காலத்தில் ஆங்கிலக் கல்வியும், அதன்வழி வரும் உத்தியோகமும் பெரும்பாலும் மிஷனரிமார் கையிலேயே இருந்தன. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் செமினரி எழுந்தது; மானிப்பாயில் 1834இல் அவர்தம் அச்சகம் இயங்கலாயிற்று. நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியருமானார். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை நின்றார். மதிப்பும் பாதுகாப்பும் வாய்ந்த பதவி அது.

அதனை அவர் ஒரேநாளில் உதறிவிடவில்லை. பதவியில் இருக்கும்போதே, 1847 டிசெம்பர் 31இல், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கேட்க மக்கள் உளர் என்பது தெளிவாயிற்று. 1848இல் பதவியைத் துறந்தார்; அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

பள்ளி எழுந்ததும் பாடநூல் வேண்டியதாயிற்று. நூலுக்கு அச்சியந்திரம் வேண்டியதாயிற்று. அதன்பொருட்டு 1849இல் தமிழகஞ் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் "நாவலர்" என்னும் பட்டத்தை வழங்கியதும் அப்பயணத்திலேயே. மீண்டு வந்து வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். பாலபாடங்களும், 1852இல் பெரியபுராண வசனமும், பிறவும் வெளிவந்தன.

நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பித்தல், படிமுறையான பாடநூல், எளிய வசனநடை, அச்சின் ஆற்றல் ஆகியவற்றை அவர் பதவியிலிருந்த காலத்தில் அருகிருந்து கண்டவர். கற்ற தொழிலை விட்டுவிடாது, அதனைத் தம் சமூகத்தின் தேவைக்குத் திருப்பினார். ஊழியஞ் செய்த ஆண்டுகள் அவருக்குப் பயிற்சிக் காலமாயின.

இடர்கள் இல்லாமலில்லை. வித்தியாசாலையை நடத்த ஊரவர் உதவியை நாட நேர்ந்தது; இல்லந்தோறும் பெற்ற பிடியரிசியும் அதற்குத் துணையாயிற்று. 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையோ பொருள்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எனினும் விதைத்தது வீண்போகவில்லை. அவர் மறைந்தபின் 1888இற் சைவ பரிபாலன சபை தோன்றியது. அதன் முயற்சியால் 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று. ஒருவர் தனித்துத் தாங்க இயலாத சுமையைப் பலர் கூடித் தாங்கினர்.

உத்தியோகம் இழிவென்று நாம் கூறவில்லை. அதனையே வாழ்வின் எல்லையாகக் கொள்வதுதான் குறை. சொந்தத் தொழில் தொடங்க விழையும் இளைஞர்கள் நாவலர் சென்ற முறையை நோக்குக. பணியிலிருக்கும்போதே தொழிலை நுணுகிக் கற்றல், ஊரின் தேவையை அறிதல், சிறிய அளவிற் செய்து பார்த்தல், பின்னரே பதவியைத் துறத்தல் என்பது அம்முறை. தக்க துணைவரையும் தேடிக்கொள்ள வேண்டும். துணிவு மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும்.