கச்சானில் பிறந்த வாசம்

ஆடி பிறந்தால் வெலிமடைப் பக்கம் கச்சான் வீசத் தொடங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் நுவரெலியாப் பக்கமே கொட்டிவிட்டு, ஹக்கலை மலை தாண்டி வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும். இறங்க இறங்கக் காய்ந்து, உதட்டை வெடிக்க வைக்கிற காற்றாகிவிடும். மரக்கறித் தோட்டக்காரருக்கு இது தண்ணீர்க் கவலையான காலம். தேயிலைக்கோ இதுதான் பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கொழுந்து குறைவுதான். ஆனால் டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு வெலிமடையை உள்ளடக்கிய ஊவாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வைத்தது அந்தக் கொழுந்தில் ஆன தூள்தான்.

காற்றும் வெயிலும் ஈரத்தைப் பறிக்கும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றில் ஒன்று மெதில் சாலிசிலேட். கோடாலித் தைலத்தின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற குளிர்ந்த வாசத்தில் அதற்கும் பங்குண்டு. கொழுந்துக்குள் அதன் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்தே கிடக்கிறது; அந்த நிலையில் அதற்கு மணமில்லை. மலையில் கொழுந்து பறிக்கிற கைக்கு அது தெரியவராது. வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கி, இலையின் கலங்கள் உடைந்து, உள்ளிருந்த நொதியம் சர்க்கரையை வெட்டிவிட்ட பிறகே வாசம் எழும். கச்சான் கருக்கொடுத்தாலும் பிரசவம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில்தான்.

வெளியிலிருந்து ஸ்டோருக்குள் வருகிறவர் வாசலிலேயே நின்றுவிடுவார். அத்தனை வாசம். சில நிமிடங்களில் அது மங்கிவிடும். இரவு வேலைக்கு நிற்கிறவர்களுக்கோ அது இருப்பதாகவே தோன்றாது. பழகிப்போயிற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் மூளைக்கும் பங்குண்டு என்றாலும், அது தொடங்குவது மூக்கின் கூரையில் இருக்கும் கலத்திலேயே.

அந்தக் கலத்தின் நுனியில் மெல்லிய மயிர்கள் சளிக்குள் நீண்டிருக்கும். மயிரில் உள்ள வாங்கியில் மணத்துகள் ஒட்டியதும் கலத்துக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் பெருகுகிறது. அது படலத்தில் உள்ள வாசல்களைத் திறக்கிறது. சோடியமும் கல்சியமும் உள்ளே பாய, மூளைக்கு மின்செய்தி போகிறது. இந்த வாசல்களை 1987இல் நாகமுரா, கோல்ட் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். வாங்கிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் அக்சலும் கண்டறிந்து 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதரிடம் வேலை செய்கிற வாங்கி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு கலத்துக்குப் பெரும்பாலும் ஒரே வகை.

அப்படியானால் மணத்துக்குப் பழகிப்போவது எது? வாங்கியா, வாசலா? குராஹாஷியும் மெனினியும் 1997இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒளி பட்டால் மட்டும் விடுபடும்படி கட்டிப்போட்ட சைக்ளிக் ஏஎம்பியைக் கலத்துக்குள் செலுத்தி, வெளிச்சம் காட்டினார்கள். மணமே இல்லை, வாங்கிக்கு வேலையும் இல்லை. அப்போதும் கலம் மணத்துக்குப் பழகியதைப் போலவே பழகியது. ஆகவே உடனடிப் பழக்கம் வாங்கிக்கு அப்பால், வாசலின் பக்கத்தில் நடக்கிறது. நடத்தி வைப்பது கல்சியம். செய்தியை எழுப்ப உள்ளே வந்த அதே கல்சியம், செய்தியின் குரலைத் தணிக்கவும் செய்கிறது! கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து அது வாசலின் உணர்வைக் குறைப்பதை சென், யாவ் இருவரும் 1994இலேயே காட்டியிருந்தார்கள். வாசலில் கால்மோடுலின் பிடிக்கும் இடம் இல்லாதபடி மாற்றிய எலிகளின் கலங்களும் பழகிக்கொள்வது பின்னர் தெரியவந்தது. கல்சியம் வேறு வழிகளிலும் கை வைக்கிறது. சோடியத்தை உள்ளே விட்டு கல்சியத்தை வெளியே தள்ளும் புரதங்கள் தம் வேலையை முடித்ததும் கலம் மீள்கிறது. அதனால்தான் வெளிக்காற்றில் சற்று நின்றுவிட்டு உள்ளே போனால் வாசம் திரும்பி வருகிறது.

இதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. பழகிய கலம் செத்துப்போவதில்லை. தன் அளவுகோலை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. மணம் இன்னும் கூடினால் அதற்கும் பதில் சொல்லும். பழக்கம் எல்லாக் கலங்களுக்கும் பொதுவானதும் அல்ல. தேயிலை வாசத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தணிந்தவை அந்த வாசத்துக்குரிய கலங்கள் மட்டுமே. வேறு வாங்கிகளைத் தாங்கிய கலங்கள் இரவெல்லாம் சும்மா இருந்தவை. புளிக்க விரித்த தூளில் ஒரு பிடி அள்ளி, பச்சை வாடை போய்விட்டதா என்று முகர்ந்து பார்க்கிற டீமேக்கருக்கு, தன்னைச் சூழ்ந்திருக்கும் ஊவா வாசம் அந்நேரம் ஏறக்குறைய இல்லாததுதான். ஆனால் ட்ரையர் பக்கமிருந்து லேசாகக் கருகல் வாடை கிளம்பினால் போதும், முகர்ந்த பிடியைக் கீழே போட்டுவிட்டு சூட்டைக் குறைக்கச் சொல்லி ஆளை விரட்டுவார்.