காதுக்கு வந்த பாடம்

கே.கே. நகர் வீட்டில் இன்றும் தம்புராவைச் சுருதி சேர்க்கும்போது நம் அண்ணாமலை நகர் ஞாபகம்தான். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் காலத்தில் தோன்றிய இசைக் கல்லூரி. 1941-இல் தமிழிசை மாநாடு கூடிய மண்.

மேளகர்த்தா 72-ம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாயாமாளவகௌளையா? 'மா' ஐந்து, 'ய' ஒன்று, திருப்பிப் போட்டால் 15. எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். செய்முறைத் தேர்வில் ஆசிரியர் ஒரு பிடி பாடி, "இது 22-ஆ, 28-ஆ?" என்றதும் முழித்தேன். கரகரப்பிரியாவுக்கும் அரிகாம்போதிக்கும் காந்தாரம் ஒன்றுதானே வித்தியாசம்! அதுகூடக் காதுக்குப் பிடிபடலியேன்னு ராத்திரி தூக்கமில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் ஆசிரியர் திட்டவில்லை. "அரிகாம்போதியைப் பாடுப்பா. இப்போ பஞ்சமத்தையே சட்ஜமா வச்சுக்கிட்டு, அதே சுரங்கள்ல மேல போ" என்றார். போனேன். கரகரப்பிரியா வந்து நின்றது! செம்பாலையின் இளியைக் குரலாக்கினால் கோடிப்பாலை என்று சிலப்பதிகார இசையைப் படிக்கையில் மனப்பாடம் பண்ணியது இதைத்தான். (அதற்கும் நல்ல மார்க்தான், வேடிக்கை!)

அப்புறம் விடியற்காலையில் தம்புராவோடு மட்டும் உட்கார்ந்தேன். மாணவச் செல்வங்களே, இரண்டு காந்தாரமும் எனக்குத் தனித்தனியாகக் கேட்க மார்கழி ஆகிவிட்டது.